புதன்கிழமைக்கு எழுதிய சூப்

1

“ரெண்டுன்னு போடாத. போன வாரமும் ரெண்டுதான் போட்டிருக்க. ஒண்ணரைன்னு போடு.”

“அரை ரொட்டியை அளந்து யாருண்ணா திம்பாங்க?”

“கட்டுப்பாடா இருக்கிறவன் திம்பான்.”

“சரி, நிஜமா எத்தனை தின்ன?”

“வியாழக்கிழமையா? அது யாருக்கு ஞாபகம் இருக்கு. நாலு இருக்கும். அஞ்சா? ஜாம் வேற இருந்துச்சு.”

“ஜாமை என்ன பண்றது?”

“எந்த ஜாம்?”

இந்தக் கதை இங்கேதான் பிறந்தது. ஒரு சனிக்கிழமை மதியம், எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில், அண்ணனுக்கும் எனக்கும் நடுவில். ரயில் ஜன்னலிலோ பழைய புகைப்படத்திலோ தங்களுடைய கதைகள் கிடைத்ததாக எழுதுகிறவர்கள் சொல்லும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும். என்னுடையது எண்பது பக்கக் கோடு போட்ட நோட்டில் கிடைத்தது. அட்டையில் அண்ணனின் பணி எண், அதன் கீழே ‘உணவுக் குறிப்பு’. உள்ளே இருக்கும் கையெழுத்து என்னுடையது. உள்ளே இருக்கும் சாப்பாடும் என்னுடையதுதான். அண்ணன் அதுவரை அதில் எதையும் சாப்பிட்டதில்லை.

அண்ணனுக்கு முப்பத்தெட்டு வயது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். நான்கு வருடமாகச் சர்க்கரை. ஆண்டுச் சோதனையில் சர்க்கரையின் மூன்று மாத சராசரி எகிறியிருந்ததைப் பார்த்துவிட்டுத் துறைமுக மருத்துவமனை டாக்டர் சொன்னது இதுதான்: மூன்று மாதம் தருகிறேன், தினமும் என்ன சாப்பிடுகிறாய் என்று எழுதிக் காட்டு, சர்க்கரையை இறக்கு, இல்லாவிட்டால் உன்னை இறக்கிவிடுவேன். இறக்குவது என்றால் கிரேனிலிருந்து. தரையில் ஏதாவது ஒரு கிடங்கில் வேலை கொடுப்பார்கள்.

அண்ணன் அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் கேட்டான். “நீதான் கதையெல்லாம் எழுதுவியே?”

2

இதற்கு நான் மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். மேலே இருக்கும் உரையாடல் நான்காவது.

முதல் தொடக்கம்: “அண்ணன் கிரேனில் ஏறுவதை நான் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். நூற்று அறுபது படிகள். ஏற ஏற அவன் சிறிதாகி, கடைசியில் ஒரு”

புள்ளி என்று எழுதப் போனேன். உயரத்துக்குப் போகிற எல்லோரும் கதைகளில் புள்ளியாகிவிடுகிறார்கள். அண்ணன் அப்போது தொண்ணூற்றிரண்டு கிலோ. மேலே போன பிறகும் நன்றாகவே தெரிந்தான்.

இரண்டாவது தொடக்கம்: “இனிப்பு என்பது ஒரு”

இதை முடிக்க விரும்புகிறவர்கள் முடித்துக்கொள்ளலாம். நான் விட்டுவிட்டேன்.

மூன்றாவது, தகவல்கள் மட்டும். அதை அப்படியே தருகிறேன், பின்னால் தேவைப்படும். கிரேனின் உச்சியில் ஒரு கண்ணாடி அறை. தரையும் கண்ணாடி. ஓட்டுகிறவர் குனிந்து, தன் இரண்டு கால்களுக்கு நடுவே கீழே பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டும். கப்பலிலிருந்து பெட்டியைத் தூக்கி லாரியில் வைப்பது. பெட்டி என்று அவர்கள் சர்வசாதாரணமாகச் சொல்வது ஒரு முழுக் கன்டெய்னரை. கீழே சிக்னல்காரர் ஒருவர் வாக்கி-டாக்கியில் பேசிக்கொண்டே இருப்பார். நான்கு மணி நேரம் மேலே, அப்புறம் சாப்பாட்டுக்கு இறங்கலாம், மறுபடி நான்கு மணி நேரம். நடுவில் டீ வேண்டுமென்றால் கயிற்றில் ஒரு சின்ன வாளி கட்டி மேலே இழுத்துக்கொள்வார்கள். அண்ணனின் டீயில் மூன்று கரண்டி சர்க்கரை. இருக்கைக்குக் கீழே ஒரு பிஸ்கட் டப்பா. துறைமுகத்தில் அண்ணனை எல்லோரும் ‘மேல்மாடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் அதில் ஒரு பெருமையோடு இருந்தான்.

பதினாறு வருடமாக மேலே இருக்கிறான். இதை நீங்கள் மறக்கக் கூடாது. நான் மறந்துதான் இவ்வளவும்.

3

பொய்யை எப்படி எழுதினேன் என்று சொல்கிறேன். இந்தப் பகுதியை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் மகிழ்ச்சியாக இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

நான் ஒரு நூலகத்தில் திரும்பி வரும் புத்தகங்களை வாங்கி அடுக்கும் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை அரை நாள். வந்ததும் ஒரு வாரச் சாப்பாட்டை ஒரே அமர்வில் எழுதுவோம். மூன்று பேனா வைத்திருந்தேன். திங்கள் செவ்வாய்க்கு நீலம், புதனுக்குக் கறுப்பு, மை தீர்ந்துவிட்டதுபோல் வியாழனுக்கு வேறொரு நீலம். சில வரிகளை எழுந்து நின்றுகொண்டு எழுதினேன், அவசரத்தில் எழுதியதுபோல் சாயட்டும் என்று. ஒரு பக்கத்தில் விரலை நனைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன்.

அண்ணன் வாயைப் பிளந்து பார்த்தான். “உன்னைத் தெரியாத்தனமா நூலகத்துல வச்சிருக்காங்க.”

முதல் வாரத்தை ரொம்பச் சுத்தமாக எழுதிவிட்டேன். முட்டை, அவித்த பயறு, ஒரு கிண்ணம் சோறு, கீரை. படித்துப் பார்த்தபோது எனக்கே சந்தேகம் வந்தது. குற்றமே செய்யாத ஆளை எந்த வாசகரும் நம்ப மாட்டார். அதனால் இரண்டாவது வாரத்தில் வெள்ளிக்கிழமைக்கு எதிரே எழுதினேன்: “மாலை, பிஸ்கட் ஒன்று. சாப்பிட்டிருக்கக் கூடாது.”

மருத்துவமனையில் நோட்டைப் பார்க்கிறவர் உணவு ஆலோசகர். எதைக் கேட்டாலும் கிராமில் பதில் சொல்வதால் அண்ணன் அவருக்கு வைத்த பெயர் கிராம் டீச்சர். அவர் அந்த பிஸ்கட் வரியின் கீழே சிவப்பு மையில் கோடு போட்டு, ஓரத்தில் ‘இந்த நேர்மைதான் முக்கியம்’ என்று எழுதியிருந்தார்.

அந்தச் சிவப்புக் கோட்டை நான் எத்தனை முறை எடுத்துப் பார்த்தேன் என்று சொன்னால் நீங்கள் என்னை வெறுத்துவிடுவீர்கள். என் கதைகளைப் படித்து அதுவரை யாரும் கோடு போட்டதில்லை.

(* ஒரு குறிப்பு. நான் மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படிக்கிறவள். அவற்றில் எப்போதும் குளிராக இருக்கும், எல்லோரும் சூப் குடிப்பார்கள், ஆப்பிளை நான்காக நறுக்குவார்கள். அந்த ஆட்கள் என் அண்ணனின் நோட்டுக்குள்ளும் மெல்ல வந்துவிட்டார்கள். நான்காவது வாரத்தில் கிராம் டீச்சர் கேட்டாராம், “உங்க வீட்டுல சூப்பு நிறைய வைப்பாங்களா?” அண்ணன், “என் தங்கச்சிக்கு ரொம்பப் பிடிக்கும்” என்று சொல்லிச் சமாளித்திருக்கிறான். அதில் பொய் இல்லை.)

4

இந்த இடத்தில் அண்ணனைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. தின்பண்டத்தைப் பார்த்தால் விடமாட்டான், சின்ன வயதில் சர்க்கரை டப்பாவுக்குள் கைவிட்டு மாட்டிக்கொண்டான், நாக்குக்கு அடிமை, இப்படியெல்லாம். நன்றாகத்தான் வந்திருந்தது. சிரிக்க வைக்கும்.

எடுத்துவிட்டேன். அந்த ஆளை எனக்குத் தெரியும் என்று நினைத்து எழுதியது அது. ஏன் எடுத்தேன் என்பது ஏழாவது பகுதியில் வரும். அதுவரைக்கும் ‘இவன் ஏன் இப்படித் தின்கிறான்’ என்ற எரிச்சலோடு நீங்கள் படிக்கலாம். அந்த எரிச்சலோடுதான் நானும் எழுதினேன். அண்ணி வேறு வழியில்லாமல் அந்த எரிச்சலோடுதான் சமைத்தாள்.

அண்ணியைச் சொல்லவில்லையே. அண்ணி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை செய்கிறாள். மயிரிழை தப்பினாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும் அவளுக்கு. விடியற்காலையில் எழுந்து, சோற்றைத் தராசில் வைத்து நிறுத்து டப்பாவில் அடைத்துவிட்டு, ஏழு மணிக்குள் கிளம்பிவிடுவாள். அந்த டப்பாவை அண்ணன் துறைமுகத்தில் ஒழுங்காகத்தான் காலி செய்வான். அதற்கு மேலே சாப்பிடுவதுதான் கணக்கில் வராதது. அவன் சட்டைப் பையைத் துவைப்பதற்கு முன் அண்ணி உதறிப் பார்ப்பாள். பிஸ்கட் தூள் விழும்.

“இது என்னங்க?”

“பழசு.”

“தினமும் துவைக்கிற சட்டைல பழசு எப்படிங்க வரும்?”

5

இரண்டாவது மாதம் முடிந்ததும் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். சராசரி இறங்கவில்லை. ஒரு துளி ஏறியிருந்தது. நாங்கள் மூவரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். அவர் நோட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்று படித்தார். அடுத்த பக்கத்துக்குப் போனார். என் முதல் முழுநீள வாசகர் அவர்தான்.

“சாப்பாட்டுல ஒரு குறையும் சொல்ல முடியல” என்றார். “நடமாட்டமும் இருக்கு, தினம் நூத்தி அறுபது படி ஏறுறீங்க. அப்ப மாத்திரைதான் பத்தலை.”

காலையில் ஒன்று என்று இருந்ததை, காலையில் ஒன்று மதியம் ஒன்று என்று மாற்றி எழுதினார். நான் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாதமாக நான் எழுதியதற்கு ஒருவர் பதில் எழுதுகிறார் என்பதுதான் எனக்குத் தோன்றியது. எந்த ஆளுக்கு எழுதுகிறார் என்பது தோன்றவில்லை.

வெளியே வராந்தாவில் அண்ணி நின்றுவிட்டாள். நோட்டு அவள் கையில் இருந்தது. அன்றுதான் முழுவதும் படித்திருக்கிறாள்.

“நான் வைக்காத சூப்பைக்கூட வெளில வாங்கிக் குடிச்சு இவ்வளவு கட்டுப்பாடா இருந்திருக்கீங்க. நான் சட்டைப் பையை உதறிப் பார்த்துட்டு என்னெல்லாமோ பேசிட்டேன். மன்னிச்சிடுங்க.”

அண்ணன் சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்புக் கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்ற அறிவிப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தான். அப்புறம் மறுபடி முதல் வரியிலிருந்து.

6

அந்தச் சனிக்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். அடுத்த வாரம் நூலகத்தில் இருப்புக் கணக்கெடுப்பு, சனிக்கிழமையும் முழு நாள். அதனால் நடந்து முடிந்த வாரத்தோடு வரப்போகிற வாரத்தையும் சேர்த்தே எழுதிவிட்டேன். திங்கள் முதல் ஞாயிறு வரை. மூன்று பேனாக்களோடும்.

வரப்போவதை எழுதுவது சுலபமாக இருந்தது. மறந்துபோவதற்கு ஜாம் எதுவும் இல்லை. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அன்று வாயே திறக்கவில்லை. ஒண்ணரையா ரெண்டா என்று சண்டை போடவில்லை. அதனால் நான் என் இஷ்டத்துக்குப் போனேன். புதன்கிழமை வந்தபோது எழுதினேன்:

“மதியம்: தெளிந்த காய்கறி சூப். அரை ஆப்பிள்.”

அவ்வளவுதான். ரொட்டி இல்லை, பயறு இல்லை. ஏன் என்று கேட்டால் என்னிடம் காரணம் இருக்கிறது. அந்த வரி அழகாக இருந்தது. அதன் பக்கத்தில் ‘ரொட்டி 2’ என்று போட்டுப் பார்த்தேன். கெட்டுப்போனது. அடித்துவிட்டேன். நோட்டில் அந்த அடித்தல் இப்போதும் இருக்கிறது.

நோட்டை மூடும்போது அண்ணன் கையை நீட்டினான். “இந்த வாரம் இது என்கிட்டயே இருக்கட்டும்.”

வராத நாட்களை அண்ணி படித்துவிடக் கூடாது என்று நினைக்கிறான் என்று நான் கொடுத்துவிட்டேன்.

7

புதன்கிழமை. நான் அங்கே இல்லை. சிக்னல்காரர் சொன்னதைத்தான் எழுத முடியும். நான் இதை ஒரு காட்சியாக எழுத முயன்றேன், பெட்டி அந்தரத்தில் ஊசலாட, கடல் பின்னால்

வேண்டாம். அவர் சொன்னதே போதும். மருத்துவமனை வராந்தாவில், முழங்காலைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“மூணு மணி இருக்கும்மா. பெட்டி பாதி தூரம் வந்து நின்னுடுச்சு. ‘மேல்மாடி, பெட்டி ஆடுது, கேக்குதா?’ங்கிறேன். சத்தமே இல்ல. கீழ ஆறு பேர் நிக்கிறாங்க, எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லிட்டு நானே ஏறினேன். பதினஞ்சு வருஷமா கீழயே நிக்கிறவன் நான். பாதிப் படில என் உயிரே போயிடும்னு நெனச்சேன். மேல போனா கண்ணாடில தலைய சாய்ச்சு உக்காந்திருக்காரு. சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்சு கிடக்கு. கை மட்டும் பிரேக்கை விடல. நல்லவேளை முழுங்கத் தெரிஞ்சுது. கீழேருந்து சர்க்கரைத் தண்ணி இழுத்து கொஞ்சம் கொஞ்சமா குடுத்தேன்.” மூச்சு வாங்கினார். “பிஸ்கட் டப்பா சீட்டுக்குக் கீழதான் இருந்துச்சும்மா. எடுத்துத் தின்னிருக்கலாம். மூடியே தொறக்கல.”

யாருக்கும் அடிபடவில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டியை வேறொருவர் ஏறி இறக்கி வைத்தார்.

அண்ணி கடையிலிருந்து நேராக வந்திருந்தாள். விரல்களில் லென்ஸ் மாவு. அண்ணனின் சாப்பாட்டுப் பையைத் திறந்து பார்த்தாள். ஒரு ஃபிளாஸ்க், காலி.

“மூணு நாளா வித்தியாசமா கேட்டாரு. காலைல எழுந்து, இதுதான் வேணும், இவ்வளவுதான் வேணும்னு. இன்னிக்கு சூப்பும் அரை ஆப்பிளும் மட்டும் போதும்னுட்டாரு. பத்தாதுங்கன்னேன். கேக்கல. மிச்ச அரை ஆப்பிள் அடுப்புப் பக்கத்துல கறுத்துக் கிடக்கு.”

என் வரியை வேறொருவர் வாயால் முதல் தடவையாகக் கேட்டேன்.

மறுநாள் காலை அண்ணன் தெளிவாக இருந்தான். அண்ணி மருந்துச் சீட்டோடு போன நேரத்தில் கேட்டேன்.

“ஏண்ணா நோட்டுல இருக்கிறத சாப்பிட்ட?”

“அவ மன்னிப்பு கேட்டாளே. அப்புறம் என்ன பண்ணச் சொல்ற? அந்த ஆளாவே ஆயிடலாம்னு பார்த்தேன். மூணு நாள் ஆனேன்ல.”

“கை நடுங்கும்போதாவது டப்பாவைத் தொறந்திருக்கலாமே?”

“நீ எழுதியிருக்கலையே.”

அவன் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் குத்துகிறது.

அப்புறம் அவனாகவே சொன்னான். போன வருடம் ஒருநாள் மேலே இருக்கும்போது கை நடுங்கியிருக்கிறது. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிட நேரமானதால் சர்க்கரை இறங்கிவிட்டது. கால்களுக்கு நடுவே கீழே பார்த்தால் ஆட்கள். கையில் பெட்டி. அரை நிமிஷம்தான், சரியாகிவிட்டது. “அன்னிலேருந்து மணிக்கு ரெண்டு பிஸ்கட். நடுக்கம் வந்தப்புறம் தின்னா லேட்டு. வர்றதுக்கு முன்னாடியே தின்னுடணும். டீயும் அதுக்குத்தான். எனக்கென்ன இனிப்பு மேல ஆசையா? வாயெல்லாம் கசக்குது.”

“டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“மேல கை நடுங்குதுன்னு சொன்னா எவன் மேல ஏத்துவான்?”

இதற்காகத்தான் நான்காவது பகுதியிலிருந்த அந்தப் பத்தியை எடுத்தேன். சர்க்கரை டப்பாவுக்குள் கைவிட்ட கதை உண்மைதான். ஆனால் அறுபது நாள் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் சாப்பாட்டை எழுதியவள், ஏன் சாப்பிடுகிறான் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டது எல்லாம், எத்தனை.

8

இங்கே கதை இரண்டு மூன்றாகப் பிரிகிறது. டாக்டர் வந்தார். நோட்டை வாங்கிப் புதன்கிழமையைப் பார்த்தார். அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “தப்பு என்னோடது. இவ்வளவு கம்மியா சாப்பிடுறவருக்கு மாத்திரையைக் கூட்டியிருக்கக் கூடாது. குறைச்சுடறேன். ஒரு மாசம் பார்த்துட்டு மேல போகலாம்.”

அந்த நோட்டிடம் மன்னிப்புக் கேட்ட இரண்டாவது மனிதர்.

முடிவு அ: நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மாதத்தில் அண்ணன் மறுபடி மேலே ஏறுகிறான். மாத்திரை குறைந்திருக்கிறது, பயம் கூடியிருக்கிறது, இனி மணிக்கு நான்கு பிஸ்கட். நான் சனிக்கிழமைகளில் எழுதுகிறேன். இன்னும் நன்றாக எழுதுகிறேன். சர்க்கரை ஏறி ஏறி, ஒருநாள் அவன் தன் கால்களுக்கு நடுவே பார்க்கும்போது கண்

முடிவு ஆ: அண்ணனே எழுந்து உட்கார்ந்து, “டாக்டர், ஒரு நிமிஷம்” என்கிறான். நான் படிக்கிற நாவல்களில் இப்படி நடக்கும். ஜன்னலுக்கு வெளியே பனி பெய்யும். இங்கே அண்ணன் டாக்டரின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, “ரொம்ப நன்றிங்க” என்றான்.

முடிவு இ நடந்தது. அண்ணனிடம் கேட்காமலே நோட்டை எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போனேன். கிராம் டீச்சரின் அறை. பிளாஸ்டிக்கில் செய்த சோற்றுக் கிண்ணங்களும் பழங்களும் மேசை மேல் வரிசையாக இருந்தன. நோட்டு பொய் என்பதையும் மேலே கை நடுங்கியதையும் நின்றுகொண்டே சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. ஒரு பென்சிலை நீட்டினார். “நிஜமா சாப்பிட்ட நாளுக்கு மட்டும் ஒரு புள்ளி வைம்மா.”

திங்களுக்கு ஒன்று. செவ்வாய்க்கு ஒன்று. புதனுக்கு ஒன்று. அவர் மற்ற பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனார். சிவப்புக் கோடு போட்ட பக்கம் வந்தது.

“இந்த பிஸ்கட்டு?”

தலையை ஆட்டினேன்.

“அன்னிக்கு ஒண்ணு தின்னாரா, தின்னலையா?”

“பதினாறு இருக்கும் மேடம்.”

அந்தப் பக்கத்தைத் திருப்பினார். பிறகு புதன்கிழமைக்கு வந்தார். “இந்த சூப்பை எதுக்கு எழுதின?”

“நல்லா இருந்துச்சு.”

“எதுக்கு நல்லா இருந்துச்சு?”

“படிக்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “ரெண்டு மாத்திரை போட்டுட்டு நூத்தி அறுபது படி ஏறுறவருக்கு நான் சூப்பு எழுதிக் குடுப்பேனா? ரெண்டு ரொட்டி, ஒரு முட்டை, ஒரு கிண்ணம் பயறு எழுதுவேன். நேரத்துக்கு சாப்பிடச் சொல்லுவேன். ஏறுறதுக்கு முன்னாடி மெஷின்ல ஒரு சொட்டு ரத்தம் பார்க்கச் சொல்லுவேன். குளுக்கோஸ் பொட்டலம் பையில இருக்கணும், அது இறங்கினா மட்டும்தான், பயத்துக்கு இல்ல. அவர் சரியா சாப்பிட்டதால விழுந்தாருன்னு வீட்டுல யாரும் நெனச்சுடாதீங்க. அளவு பார்த்துச் சாப்பிடறதுதான் இன்னும் அவருக்கு மருந்து.” நிறுத்தினார். “கை நடுங்குச்சுன்னு ஒரே ஒரு வரி இதுல இருந்திருந்தா, சர்க்கரையை இப்படிக் கீழ இழுத்துவிடாத மாத்திரைக்கு அன்னிக்கே டாக்டர் மாத்தியிருப்பாரு. கொஞ்ச நாள் கீழ வச்சுப் பார்த்துட்டு ஏத்தியிருப்பாரும்மா.”

அறுபத்துச் சொச்சம் நாள் எழுதினேன். அந்த ஒரு வரியைத் தவிர எல்லாம் எழுதியிருக்கிறேன்.

(* இந்தப் பகுதியில் நான் என்னைக் கொஞ்சம் நல்லவளாக எழுதிவிட்டேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. “நின்றுகொண்டே சொல்லிவிட்டேன்” என்பது பொய். இரண்டு தடவை கதவு வரைக்கும் போய்த் திரும்பினேன். மூன்றாவது தடவை அவரே கதவைத் திறந்து, “டாய்லெட் அந்தப் பக்கம்” என்றார்.)

9

இந்தப் பகுதிக்கு முடிவு என்று நான் பெயர் வைக்கவில்லை.

அண்ணன் இப்போது கயிறும் கொக்கியும் வைக்கிற கிடங்கில் இருக்கிறான். ஒரு வருடம் தரையில்தான். அதற்குப் பிறகு பார்க்கலாம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். நோட்டு பொய் என்று தெரிந்த பிறகு அவர் முகத்தை எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. மாத்திரையை மாற்றிவிட்டார். எல்லாம் தெரிந்துபோன அண்ணி ஒரு வாரம் சோற்றை நிறுக்கவில்லை. கண்ணால் பார்த்து அள்ளி வைத்தாள். எட்டாம் நாள் தராசு மேசைக்கு வந்தது. “உங்களுக்காக இல்ல, எனக்காக” என்றாள்.

அண்ணன் என்னிடம் பதினோரு நாள் பேசவில்லை. ரொட்டித் தட்டை என் பக்கம் நகர்த்துவதற்குக்கூட அண்ணியிடம், “அவகிட்ட குடு” என்றான்.

பன்னிரண்டாம் நாள் ஒரு புது நோட்டு வாங்கிவந்தான். அவனே எழுதுகிறான். கோட்டில் நிற்காத கோழிக் கிறுக்கல். ஒருநாள் அவன் இல்லாதபோது திறந்து பார்த்தேன்.

“காலை 8. ரொட்டி 2, முட்டை 1. மதியம். சோறு ஒரு கிண்ணம், அவரைக்காய், மிச்சம் இருந்த அவரைக்காயும். 4 மணி. பிஸ்கட் 3. பயம் இல்ல. சும்மா.”

மறுநாள்: “பிஸ்கட் 1. அதுவும் சும்மா.”

இதைவிட நல்ல வரிகளை நான் எழுதியதில்லை. ஒரு சொல்லையும் மாற்றத் தோன்றவில்லை. சராசரி மெதுவாக இறங்குகிறது. கண்ணாடி அறையில் இப்போது வேறொருவர். மேல்மாடி என்று யாராவது கூப்பிட்டால் அண்ணன் திரும்புவதில்லை என்று சிக்னல்காரர் சொன்னார்.

எட்டாவது பகுதி வரை எழுதி முடித்ததும் இதை அவனிடம் கொடுத்தேன். நோட்டைக் கேட்காமல் ஒருமுறை எடுத்துக்கொண்டு போனவள், இந்தத் தடவை கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது. வேண்டாமென்றால் கிழித்துவிடுகிறேன் என்றேன். சனிக்கிழமை மதியம். அதே மேசை. அவித்த பயற்றை ஒரு கரண்டி வாயில் போடுவான், ஒரு பக்கம் படிப்பான்.

“தொண்ணூத்திரண்டு கிலோவா?”

“அப்ப அவ்வளவுதானே இருந்த.”

“இப்ப எண்பத்தி எட்டு. அதையும் போடு.”

“சரி.”

“சிக்னல்காரருக்கு முழங்கால் வலின்னு எழுதியிருக்க. சந்தோஷப்படுவாரு. ஊர் முழுக்க அதைத்தான் சொல்லிட்டுத் திரியுறாரு.”

நான்காவது பகுதியில் நின்றான். “இந்தச் சர்க்கரை டப்பா கதையை ஏன் எடுத்த? நல்லாத்தானே இருக்கும்?”

“நல்லா இருக்கும். அதான் எடுத்தேன்.”

அடுத்த தாளை எடுத்தான். ஏழாவது பகுதியை நேரமெடுத்துப் படித்தான். பயற்றுக் கிண்ணம் ஆறியது. எட்டாவதில் முடிவு அ என்ற இடத்தில் விரலை வைத்து, பாதியில் நின்ற அந்த வரியின் கடைசிச் சொல்லைத் தொட்டுப் பார்த்தான். பிறகு தாள்களை மேசையில் தட்டி அடுக்கினான். கிழிக்கவில்லை.

“எல்லாம் சரிதான்” என்றான். “நடந்ததுதான் இருக்கு. ஒண்ணு கேக்கட்டுமா?”

“கேளுண்ணா.”

கரண்டியை எடுத்தான், வைத்தான். என்னைப் பார்க்காமல் தாள்களைப் பார்த்துச் சொன்னான்.

“நிஜத்துல டாக்டர் பார்த்துக்கட்டும். அது வேற. இதுல மட்டும், கடைசில, என்னை ஒரு தடவை மேல ஏத்தி விடேன்.”